ஹீற்றர் நல்ல கடை

“பஸ் வருமட்டும் உதுக்குள்ளை நில்லும். ஒண்டும் வாங்கத் தேவையில்லை, சும்மா விலையைக் கேட்டாக் காணும். ஹீற்றர் நல்ல கடை.”

தொங்கிக்கொண்டிருந்த காஞ்சிபுரம் சேலைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தன் சிநேகிதிக்குச் சொன்ன புத்தி, கவுண்டருக்குக் கீழே குனிந்து ஊசி தேடிக்கொண்டிருந்த கிளடிஸின் காதில் விழுந்தது. அது கிளடிஸின் கடை. அந்த ஹீற்றரும் அவளுடையதுதான்.

மோர்னிங்சைட்டில் ஒரு பிளாசா; பஸ் தரிப்பிடத்துக்கு நேர் முன்னால் கடை. மார்கழி தொடங்கிப் பங்குனி வரைக்கும் ரொறன்ரோவில் சேலை விற்பது லேசான காரியமில்லை. வாங்கிக் கட்டினாலும், மேலே போடுகிற கோட்டுக்குள் இருப்பது காஞ்சிபுரமா கட்டில் விரிப்பா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் கடை நிறைய ஆட்கள். எங்கள் சனம் மானமுள்ள சனம், ஒருவர் கடையில் சும்மா நின்று குளிர்காயாது. பூட்ஸிலிருக்கும் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, ஏதாவது ஒரு சேலையின் கரையை இரண்டு விரலால் பிடித்து, “உது என்ன விலை?” என்று கேட்கும். விலையைச் சொன்னதும் யோசிக்கும். பிறகு, “வேறை கலர் இருக்கோ?” பஸ் வந்துவிட்டால், “பிறகு வாறன் அக்கா.” பஸ் பிந்தினால் சேலையை விரித்துக் காட்டச் சொல்லும். பனிப்புயல் அடித்த நாட்களில் கிளடிஸ் முழுக் கடையையும் திரும்ப மடித்து வைக்க வேண்டியிருந்தது.

உண்மையாக வாங்குகிறவர்கள் காரில் வருகிறவர்கள். அவர்களும் வரத்தான் செய்தார்கள். ஆனால் வீதியில் பனி தள்ளுகிற வண்டி, தள்ளியதையெல்லாம் பிளாசாவுக்குக் கார் நுழைகிற வழியில் குவித்துவிட்டுப் போயிருக்கும். அந்த மேட்டைக் கண்டதும் கார்கள் அப்படியே திரும்பிவிடும். பிளாசாக்காரனிடம் போய்ச் சொன்னால், அது வீதியின் பனி என்றான். வீதிக் கந்தோரில் சொன்னால், அது பிளாசாவின் நிலம் என்றார்கள். பிளாசாக்காரன் கூடவே இன்னொன்றும் சொன்னான். சித்திரைக்குள் வியாபாரம் நிமிராவிட்டால் கடை வேறு ஆளுக்கு. அந்தக் கடையைத் திறப்பதற்காகக் கிளடிஸ் ஆறு வருசம் ஒரு ஹோட்டலில் கட்டில் விரிப்பு மாற்றியவள்.

இந்த நிலைமையில்தான் அருள்நாயகம் வருகை தந்தார். அவர் குளிர்காலச் சிறுவணிக உற்சாகமூட்டல் செயற்றிட்டத்தின் பிரதேச இணைப்பாளர். கணுக்கால் வரை நீண்ட கறுப்புக் கோட். அந்த வருசம் பதவியில் இருந்த எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். இடுப்பில் பேஜர். கையில், அமத்த அமத்த ஒவ்வொன்றாக எண் கூடுகிற ஒரு சின்னக் கருவி.

“அக்கா, மோசமான காலநிலையிலையும் உங்கடை விற்பனை தளம்பாமல் பாக்கிறதுதான் எங்கடை நோக்கம். சொல்லுங்கோ, என்ன உதவி வேணும்?”

“உந்தப் பனியை ஒருக்கா அள்ளிவிடுங்கோ தம்பி. வேறை ஒண்டும் வேண்டாம்.”

“அது உதவியில்லை அக்கா, அது வேலை. நாங்கள் வேலை செய்யிறேல்லை. மூலோபாயம் குடுக்கிறம்.”

“அப்ப ஒரு சவளாவது தாங்கோ. நானே அள்ளுறன்.”

“சவள் போன வருசத்துத் திட்டம். இந்த வருசம் வருகையாளர் எண்ணிக்கை.”

அவர் கதவோரம் நின்று எண்ணத் தொடங்கினார். அன்று பார்த்துப் பனி கொட்டியது; பஸ்ஸும் பிந்தியது. அமத்தி அமத்திப் பெருவிரல் நோவெடுத்த பிறகுதான் நிறுத்தினார். முகத்தில் பக்தி தெரிந்தது.

“அக்கா, நீங்கள் என்னதான் செய்யிறியள்? இந்தக் குளிருக்கை இவ்வளவு சனத்தை நான் ஒரு கடையிலையும் காணேல்லை.”

“ஒருத்தரும் வாங்கேல்லையே தம்பி.”

“வாங்கிறது இரண்டாம் கட்டம். அதுக்கு இன்னும் நிதி ஒதுக்கேல்லை.”

“உவை பஸ்ஸுக்கு நிக்கினம்.”

“பஸ்ஸுக்கு நிக்கிறவை வெளியிலையெல்லோ நிப்பினம்? உள்ளுக்கை நிண்டால் அவை வாடிக்கையாளர்.” வாசலை எட்டிப் பார்த்தார். “அந்த மேட்டிலையும் கை வைக்க வேண்டாம். கார் உள்ளை வரேலாது எண்டபடியால்தான் சனம் பஸ்ஸிலை வருகுது. பஸ்ஸிலை வாற சனம்தான் நிண்டு பாக்குது.”

அடுத்த கிழமை கிளடிஸின் கடை முன்மாதிரிக் கடையாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஸ்காபரோ முழுவதிலுமிருந்து தமிழ் வணிகர்கள் கல்விச் சுற்றுலாவாக அழைத்துவரப்பட்டார்கள். அவர்கள் சேலைகளைப் பார்க்கவில்லை. ஹீற்றரைச் சுற்றி நின்று குறிப்பெடுத்தார்கள். அதன் பிறகு அதுவே நாகரிகமாகிவிட்டது. நகைக்கடையில் சாய்மனைக் கதிரை போட்டார்கள். வீடியோக் கடையில் சனம் நின்றபடியே முழுப்படமும் பார்த்துவிட்டுப் போனது. எங்கள் கடையே கதகதப்பான கடை என்று வானொலியில் ஆளுக்கு ஆள் விளம்பரம் கொடுத்தார்கள். சாமானின் பெயரை யாரும் சொல்லவில்லை.

மீன்கடைப் பஸ்ரியன் தொலைபேசி எடுத்தார்.

“கிளடிஸ், நீர் ஹீற்றரை எத்தினையிலை வைச்சிருக்கிறீர்?”

“மீன்கடைக்கு ஏன் அண்ணை ஹீற்றர்?”

“கொள்கையாம். விதிவிலக்கில்லையாம். போட்ட நாளிலையிருந்து சனம் வருகுதுதான். வந்த வேகத்திலை மூக்கைப் பொத்திக்கொண்டு போகுது.”

“அப்ப நிப்பாட்டுங்கோவன்.”

“எப்பிடி நிப்பாட்டிறது? வந்தவையை அருள்நாயகம் எண்ணிப்போட்டார். போறவையை எண்ணிறேல்லையாம்.”

அருள்நாயகத்தின் எண்ணிக்கை மேலிடத்துக்குப் போனது. மேலிடம் அதை ஆழ்ந்து பரிசீலித்து, இத்தனை பிரசைகள் கூடுகிற ஓரிடத்தில் அரச வசதி எதுவுமே இல்லாதிருப்பது பெரும் குறைபாடு என்று கண்டுபிடித்தது. அதனால் பஸ் தரிப்பிடத்தில் கண்ணாடிக் கூண்டொன்று எழுந்தது, கூரைக்குள்ளே ஹீற்றர். திறப்பு விழாவில் குத்துவிளக்குக் காற்றுக்கு எரிய மறுத்தது. விளக்கு ஏற்றப்பட்டதாகக் கருதிக்கொள்ளும்படி அறிவிப்பாளர் சபையோரைக் கேட்டுக்கொண்டார். சபையோர் கருதிக்கொண்டு கைதட்டினார்கள்.

“உங்கடை வாடிக்கையாளருக்கு நாங்கள் குடுக்கிற கௌரவம் அக்கா,” என்றார் அருள்நாயகம்.

மறுநாள் கிளடிஸின் கடைக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. விலை கேட்கக்கூட ஆளில்லாமல், மடித்த சேலைகளை அவிழ்த்துத் திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அப்பால், கூண்டுக்குள் அவளுடைய வாடிக்கையாளர்கள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

பங்குனிக் கடைசியில் பிளாசாக்காரன் சொன்னதைச் செய்தான். கடையைக் கேட்டு வந்தது உற்சாகமூட்டல் செயற்றிட்டமேதான். திட்டம் அமோக வெற்றியடைந்ததால் அதை நீடித்திருந்தார்கள். அதற்கொரு பிரதேச அலுவலகம் தேவைப்பட்டது. சனம் அதிகம் கூடுகிற இடம் என்று அருள்நாயகத்தின் எண்ணிக்கை காட்டியது இந்தக் கடையைத்தான்.

சேலைகளையெல்லாம் முதல்நாளே தமையனின் வான் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கடைப் பூட்டின் திறப்பைக் கொடுப்பதற்காகக் கிளடிஸ் காலையில் வந்தாள். வெளியே அப்போதும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பிளாசா வாசலில் மேட்டைக் காணவில்லை; கறுப்புத் தார் பளபளத்தது. அலுவலர்களின் கார்கள் உள்ளே வர வேண்டியிருந்தது.

திறப்பை வாங்கிக்கொண்ட அருள்நாயகம், மரியாதைக்காகப் பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூட வந்தார். கூண்டுக்குள் நல்ல வெக்கை. சேலைகளுக்குப் பின்னால் நின்று புத்தி சொன்ன பெண்ணும் சிநேகிதியும் அங்கே நின்றார்கள். கிளடிஸைக் கண்டதும் நிலத்தைப் பார்த்தபடி ஒதுங்கி இடம் விட்டார்கள்.

கிளடிஸ் பூட்ஸிலிருந்த பனியைத் தட்டினாள். பிறகு அருள்நாயகத்தின் கோட்டுக் கரையை இரண்டு விரலால் பிடித்தாள்.

“உது என்ன விலை தம்பி?”

அவர் கொஞ்சம் பெருமையோடு சொன்னார். கிளடிஸ் யோசித்தாள்.

“வேறை கலர் இருக்கோ?”

அவர் பதில் சொல்வதற்குள் பஸ் வந்தது. கிளடிஸ் கோட்டை விட்டாள்.

“பிறகு வாறன் தம்பி,” என்றுவிட்டு ஏறினாள்.