முந்திரிப்பழத் தூக்கம்

எமர்ஜென்சி முடிந்து நாட்டுக்கே விடுதலை கிடைத்த வருஷம். பள்ளிக்கூட வாத்தியார் இருதயநாதனாகிய எனக்கும் கொஞ்சம் வேண்டுமென்று தீர்மானித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம்.

அதற்கு எதிரி என் மனைவி மதலேனம்மாளின் சீர்வரிசை. ஊரே எவர்சில்வருக்கு மாறியும் அவள் பித்தளையை விடவில்லை. அண்டா, தவலை, குடம், சொம்பு. பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, கண் செருகும் நேரத்தில் புளியும் தேங்காய் நாரும் என் கைக்கு வந்துவிடும்.

வரதராசன்பேட்டையில் சித்திரை, முந்திரியின் மாதம். கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தைக் குவியலாகக் கொட்டிவிடுவார்கள். அன்று எனக்குப் புளி கரைக்கச் சோம்பல். ஒரு பழத்தைப் பிழிந்து குடத்தில் தடவினேன். தடவிய இடத்தில் நிலா முளைத்தது.

பிறகென்ன! பழத்தை மசித்து எல்லாவற்றுக்கும் பூசினேன். கிணற்றடியில் பலா நிழலில் துண்டை விரித்தேன். புளித்த வாசனை மெல்ல மெல்லக் கண்ணுக்குள் இறங்கியது. கனவில் என் வகுப்புப் பிள்ளைகள் மஞ்சள் குடங்களில் உட்கார்ந்து ஆகாயத்தில் மிதந்துபோனார்கள். ஒருவரையும் திரும்பக் கூப்பிட எனக்கு மனமில்லை. விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அலசினேன். பொன்!

"ஐயோ, இப்படியா கை ஒடியத் தேய்ப்பீங்க?" என்றாள் மதலேனம்மாள்.

"குடும்பம்னா உழைக்கணும்ல" என்றேன், தோளைப் பிடித்துக்கொண்டு.

காபி வந்தது. தோளுக்குச் சூடாக நல்லெண்ணெயும் வந்தது.

அடுத்த ஞாயிறு, பக்கத்து வீட்டுப் பொன்னாயி தவலையோடு வேலியோரம் நின்றாள்.

"எங்க வூட்டுக்காரரும் இருக்காரே, சொம்பைக் கழுவச் சொன்னாலே சண்டைக்கு வராரு. இதையும் சேத்துத் தேச்சுடுங்க வாத்தியாரே."

"அதுக்கென்ன, வச்சிட்டுப் போங்க."

தூக்கத்துக்குப் பாத்திரக் கணக்கு ஏது? தெருவின் பித்தளையெல்லாம் வந்து சேர்ந்தது. நடுவில் நான் ராஜாவாகத் தூங்கினேன்.

ஆனியில் பழம் ஓய்ந்தது. அந்த வாரம் மதலேனம்மாள் ஒரு சாக்கை இழுத்துவந்தாள். உள்ளே மாதா கோயில் மெழுகுதிரித் தண்டுகள், தூபக் கலசம், என் இடுப்பளவு குத்துவிளக்கு.

"திருவிழா வருதுல்ல. உங்க கை பட்டாத்தான் பளபளக்கும்னு பங்குச் சாமியார் குடுத்தாரு. வாங்கிட்டு வந்துட்டேன்."

"மதலேனு, நான் எங்கடி தேச்சேன்? பழம் தேச்சுது. நான் தூங்கிட்டிருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எங்கம்மா வூட்ல பழம் போட்டுத்தான் வெளக்குவோம்."

"அப்புறம் எதுக்கு எண்ணெய் தேச்சுவிட்ட?"

"நல்லாத் தூங்கட்டும்னுதான். இனிமே எங்க தூங்கப் போறீங்க?"

"சாமியார்கிட்டப் போய் உண்மையைச் சொல்லிடுவேன்!"

"தாராளமா. தெருவுலயும் சொல்லிடுங்க. உங்க கொறட்டை கேக்கறப்பல்லாம், 'அவரு அண்டா தேய்க்கிறாரு'ன்னு சொல்லிச் சொல்லி எனக்கும் வாய் வலிக்குது."

நான் போகவில்லை. கரைத்த புளியை என் முன்னால் வைத்துவிட்டு, பலா நிழலில் என் துண்டை விரித்து அவள் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சன்னமாகக் குறட்டை எழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பொன்னாயி தன் புருஷனிடம் சொல்வது கேட்டது:

"கேளுய்யா, வாத்தியார் தேய்க்க ஆரம்பிச்சுட்டாரு."