பாவப் பையும் காசில்தாவின் பந்தும்

மலையுச்சியில் இருக்கும் ஒளி இல்லத்துக்குப் போவது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சொல்கிறேன். பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் சான் ரோக்கேயிலிருந்து அதற்கு ஒரே ஒரு பஸ்தான். பெயர் செல்லக்கிளி. சந்தையன்று கிளம்பும். எத்தனை மணிக்கு என்று கேட்பது அநாகரிகம். நிரம்பியதும் கிளம்பும். நிரம்புவதென்றால் இருக்கை, நடைவழி, கூரை எல்லாம் நிறைந்து, டிரைவர் சிரிலோவின் மடியில் யாராவது ஒரு ஆட்டுக்குட்டியை வைத்த பிறகு.

வளைவுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பஸ் திரும்பும்போது சிரிலோ கையை வெளியே நீட்டி, கடைசி இருக்கைக்காரரின் ஜன்னலிலிருந்து தீப்பெட்டி வாங்கிக்கொள்வார். அடுத்த வளைவில் திருப்பிக் கொடுத்துவிடுவார். நாணயமான மனிதர்.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்குப் போகவேண்டும்? பாவம் தொலைக்கத்தான்.

மேலே முன்பு ஒரு வெள்ளீயச் சுரங்கம் இருந்தது. அது மூடிப்போனதும், ஆட்கள் படுத்த கொட்டகையை எலிகள் எடுத்துக்கொண்டன. எலிகளிடமிருந்து குரு எலியோதோரோ எடுத்துக்கொண்டார். வெள்ளையடித்தார், வாசலில் மணி கட்டினார், ஒளி இல்லம் ஆயிற்று. அவர் எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததே அவருடைய முதல் அற்புதம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாவது அற்புதம் பாவப் பை.

சந்தையன்று குரு கீழே இறங்கி வந்து பஸ் அருகே உட்காருவார். ஒரு பிளாஸ்டிக் பையில், நாங்கள் மலைக்குப் படைக்கும் கோக்கா இலை ஒன்றைப் போடுவார். பக்தர் அதற்குள் மூன்று தரம் ஊதவேண்டும். அப்புறம் குரு பையின் வாயில் தன் வாயை வைத்து மந்திரம் சொல்லுவார். பிறகு மெழுகுவத்திச் சுடரில் காட்டி ஒட்டிவிடுவார். பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறவேண்டும். மலைமேல் போய்ச் சேரும்போது பை உப்பியிருக்கும். எங்கள் மலைத்தெய்வமான மலைத்தாத்தா நம் பாவத்தின் அளவுக்கு உள்ளே மூச்சு விட்டிருக்கிறார் என்று அர்த்தம். கொஞ்சம் உப்பினால் ஒரு ராத்திரி விரதம். விம்மினால் ஒரு வாரம், கூடவே ஒரு காணிக்கை: ஆடு, பன்றி, தையல் மிஷின், எது ஓடுமோ அது. விரதம் முடிந்து கீழே வந்து பார்த்தால் பை தொங்கிப்போயிருக்கும். பாவம் போயிற்று! அந்தத் தொங்கிய பையை எங்கள் ஊரில் வாசற்கதவில் ஆணியடித்து மாட்டினார்கள். பை இல்லாத வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள்.

சொந்த ஜீப்பில் வருவதை மலைத்தாத்தா விரும்பமாட்டார் என்பது குருவின் கண்டிப்பான உத்தரவு. மக்களோடு மக்களாக இடிபட்டுத்தான் வரவேண்டும். செல்லக்கிளி பஸ் குருவின் மைத்துனருடையது என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் யோசிப்போம்.

நானும் ஒரு தரம் போனேன். என் பை உப்பியும் உப்பாமலும் இருந்தது. "ஒரு ராத்திரி போதும் பெரியவரே" என்றார் குரு. எனக்கு முகம் விழுந்துவிட்டது. "எழுபது வருஷமா நான் பட்ட பாட்டுக்கு வெறும் ஒரு ராத்திரியா?" என்று கேட்டேன். பக்கத்தில் புதுத் தொப்பி போட்டு வந்த மளிகைக்காரனுக்கு ஒரு வாரம்! அவனுக்குப் பாவம் செய்ய நேரம் ஏது? கடையை விட்டு நகராதவன். குரு அவன் பையில் நீளமாக மந்திரம் சொன்னதும், என் கிழிசல் தொப்பியைப் பார்த்துச் சுருக்கமாக முடித்துக்கொண்டதும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இப்போது காசில்தா கதைக்கு வருகிறேன்.

காசில்தா எங்கள் பள்ளத்தாக்கின் கால்பந்து நடுவர். கழுத்தில் விசில், சட்டைப் பையில் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை. ரெமிஹியோவுக்கு அவள்மேல் உயிர். அவளுக்கும் அப்படித்தான், ஏன் என்பதுதான் புரியவில்லை. நல்ல பையன். ஆனால் எந்தக் காலில் முதலில் செருப்புப் போடுவது என்பதைக்கூட அம்மாவைக் கேட்டுத்தான் செய்வான். அம்மா டோன்யா பெத்ரோனிலா. ஊர்த் திருவிழா இறுதி ஆட்டத்தில் அவருடைய சின்ன மகனுக்குக் காசில்தா சிவப்பு அட்டை காட்டியிருந்தாள். அதை அவர் மறக்கவில்லை.

"கல்யாணம்னா சும்மாவா? முதல்ல பை எடுக்கட்டும்" என்றார் டோன்யா. "பை விம்மிச்சுன்னா அவ எம் படி மிதிக்கக்கூடாது."

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் ரெமிஹியோ. கண் கலங்கியிருந்தது.

காசில்தா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "எடுத்துட்டாப் போச்சு. எனக்கும் மேல மேட்ச் இருக்கு. நீங்களும் வாங்க டோன்யா, நீங்களும் ஒரு பை எடுங்க."

சந்தையன்று குரு காசில்தாவின் பையில் வாய் வைத்து மந்திரம் ஆரம்பித்தார். முடிவதாக இல்லை. கன்னம் இரண்டும் தவளை மாதிரி உப்பின.

"என்னங்க குருவே, பாவ மன்னிப்பா, பலூன் வியாபாரமா?" என்றாள் காசில்தா.

"வாய்த்துடுக்கு. இதுவும் பைக்குள்ள போகும் தாயி" என்றார் குரு.

டோன்யாவின் பைக்கு மந்திரம் ஒரு தும்மல் அளவுதான்.

அப்புறம் காசில்தா வழக்கமான வேலையைச் செய்தாள். மேலே ஆடப்போகிற எவரும் செய்கிற வேலைதான். ஊசியைச் செருகிப் பந்தின் காற்றைப் பாதி இறக்கினாள். கீழே கெட்டியாக அடித்த பந்து மலைமேல் போனால் கல்லாகிவிடும், உதைத்தவன் கால் வீங்கும். எங்கள் ஊரில் பல் முளைக்காத குழந்தைக்கும் இது தெரியும். சிரிலோ வண்டி டயர் விஷயத்தில்கூட ஏதோ சொல்லுவார். ஆனால் பந்து வேறு, பாவம் வேறு அல்லவா!

"தொட்டுப் பாருங்க டோன்யா. எப்படி இருக்கு?"

"அழுகின பப்பாளி மாதிரி இருக்கு. இத எதுக்கு எங்கிட்ட காட்டுற?"

"இடமில்லை. கொஞ்சம் உங்க மடியில வச்சுக்குங்க."

பஸ் கிளம்பியது. வேடிக்கை பார்க்க நானும் மளிகைக்காரனும் ஏறியிருந்தோம். கீழே ஆரஞ்சுத் தோப்பு, நடுவில் மூடுபனி, மேலே புல்லும் கல்லும், மேய்கிற ஒன்றிரண்டு லாமா ஆடுகளும். மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினோம். ஒரு இடத்தில் பஸ் எங்களைத் தள்ளியது. ரெமிஹியோ கூரைமேல் இருந்தபடியே ஒவ்வொரு வளைவிலும், "உப்புதா? உப்புதா?" என்று கத்திக்கொண்டு வந்தான்.

உப்பியது. மேலே போய் இறங்கியபோது காசில்தாவின் பை தாளம் போடலாம் போல விம்மியிருந்தது. ஒளி இல்லத்து வாசலில் மொத்தக் கூட்டமும் வளைந்து நின்றது. குரு மணியை அடித்தார். டோன்யாவின் பையைத் தூக்கிக் காட்டினார். "பச்சைக் குழந்தை மனசு." அப்புறம் காசில்தாவின் பை. குரு கண்ணை மூடினார். உதடு நடுங்கியது. நடிப்புக்குக் குறையில்லை.

"வேண்டாம் டோன்யா. இந்தப் பொண்ணு போற வீட்டுல அடுப்பு எரியாது. தாத்தா மூச்சு முட்ட ஊதியிருக்காரு. ஒரு வாரம் விரதம் இருக்கட்டும், ஒரு பசு காணிக்கை தரட்டும். அப்பவும் கல்யாணம் மட்டும் வேண்டாம்."

ரெமிஹியோ தரையில் உட்கார்ந்து தொப்பிக்குள் முகத்தைப் புதைத்து அழுதான். கூட்டத்தில் நாலைந்து பேர் காசில்தாவை விட்டு எட்டி நின்றார்கள்.

"டோன்யா, என் பந்தைக் குடுங்க" என்றாள் காசில்தா. வாங்கித் தரையில் ஒரு அடி அடித்தாள். பந்து எகிறித் தகரக் கூரையில் டணாரென்று மோதித் திரும்ப வந்தது. "இப்ப அமுக்கிப் பாருங்க."

டோன்யா அமுக்கினார். "கெட்டியா இருக்கே!"

"கீழ எப்படி இருந்துச்சு?"

"பப்பாளி மாதிரி."

"நடுவுல யாராவது காத்தடிச்சாங்களா?"

"யாரு அடிக்கறது? நாந்தான் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு வந்தேன்."

காசில்தா குருவைப் பார்த்தாள். "பை உப்பினது பாவத்தாலன்னா, பந்து உப்பினது எதால குருவே? இது யாரு குடியைக் கெடுத்துச்சு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆனால் குரு பழைய புலி. "பந்துக்கு ஏது பாவம், பைத்தியக்காரி! அதை மடியில சுமந்துட்டு வந்தவங்க பாவம் அதுக்குள்ள இறங்கியிருக்கு!" என்று முழங்கினார்.

முழங்கி முடித்த பிறகுதான் சுமந்தது யார் என்று அவருக்கு நினைவு வந்தது.

டோன்யா பெத்ரோனிலா மெல்ல எழுந்தார். பள்ளத்தாக்கிலேயே அகலமான பாவாடை அவருடையது. அது விரிந்தபோது வாசலில் இருட்டியது. "யாரு பாவம்டா? எம் பாவமா? அத்தனை பெரிய பந்து நிறைய நானாடா பாவம் பண்ணினேன்? அவ பையை நல்லா ஊது, எம் பையில வாயை வைக்காதேன்னு கோழிக்கூடையோட வந்து சொன்னேனே! கோழியையும் தின்னுட்டு என்னையே பழிக்கிறியா?"

தன் வாயிலிருந்து வந்ததை டோன்யாவும் அப்போதுதான் கேட்டார்.

"ஊதினதா?" என்றான் மளிகைக்காரன். அவன் தையல் மிஷின் உள்ளேதான் இருந்தது.

"கோபத்துல சொல்றாங்க!" என்று கையை உயர்த்தினார் குரு. "விரதம் இருந்தவங்க பை கீழ போனதும் சுருங்கிச்சா இல்லையா? பாவம் போகாம எப்படிச் சுருங்கும்?"

கூட்டம் தலையாட்டியது. ஆமாம், அது உண்மைதானே.

"அதையும் பார்த்துடலாம்" என்றாள் காசில்தா. "நாளைக்கு மேட்ச் முடிஞ்சதும் இதே பையோட இதே பஸ்ல இறங்கறேன். விரதம் கிடையாது, காணிக்கை கிடையாது, ஜெபம் கிடையாது. கீழ போயும் பை விம்மியிருந்தா எனக்குக் கல்யாணமே வேணாம். சுருங்கிட்டா நீங்க மூட்டை கட்டணும். டோன்யா கையில பையிருக்கட்டும், அவங்களுக்குத்தான் என்னைப் பிடிக்காதே. நீங்களும் பக்கத்துல உக்காந்து பாருங்க."

"மனசுக்குள்ள ஜெபம் பண்ணிட்டு ஏமாத்துவ!"

"சரி, வழியெல்லாம் பாவம் பண்ணிக்கிட்டே வரேன். போதுமா?"

அத்தனை கண்கள் பார்க்கும்போது குரு எப்படி மறுப்பார்? மறுநாள் ஏறினார்.

காசில்தா வாக்குத் தவறவில்லை. விரதம் முடிந்து பசியோடு வந்தவர்கள் மூக்குக்கு நேரே பன்றி வறுவல் தின்றாள். சிரிலோவின் பரம்பரையையே திட்டினாள். அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார். சீட்டாட்டத்தில் என்னை ஏமாற்றினாள். அதில் எனக்கு இன்னும் வருத்தம், ஏமாற்றத் தயாராகிக்கொண்டிருந்தவன் நான். ரெமிஹியோவின் கன்னத்தை எல்லார் எதிரிலும் கிள்ளினாள். அவன், "அம்மா..." என்று ஆரம்பித்து, என்ன தோன்றியதோ, கன்னத்தைத் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிட்டான்.

மூடுபனியைத் தாண்டியதும் டோன்யா பையை முகத்தருகே கொண்டுபோனார். "சுருக்கம் விழுது..."

"வெயில் பட்டு அப்படித் தெரியுது" என்றார் குரு.

ஆரஞ்சுத் தோப்பு வந்தது. பை டோன்யா கையில் பழைய காலுறை மாதிரி தொங்கியது.

மளிகைக்காரன்தான் மெதுவாகக் கேட்டான். "அப்ப... மேல போனா எல்லாமே உப்பும், கீழ வந்தா எல்லாமே சுருங்கும். பந்து மாதிரியே. அப்படித்தானே?"

"அண்ணே, உங்க பையன் பந்துக்கு நீங்கதானே வாராவாரம் காத்து இறக்கி விடறீங்க!" என்றாள் காசில்தா.

பஸ் நின்றது. குரு முதலில் இறங்கப் பார்த்தார். காசில்தா முன்னால் இறங்கி நின்று விசில் ஊதினாள். சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து உயரத் தூக்கினாள். எங்கள் ஊரில் அந்த அட்டைக்கு மறு பேச்சு கிடையாது. டோன்யாவின் சின்ன மகனே அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வெளியேறினான். குருவும் எதிர்ப்பக்கம் போகிற லாரியில் ஏறினார். டோன்யா, "எங் கோழி!" என்று கத்திக்கொண்டு வளைவு வரை ஓடினார். மைத்துனர், தனக்கு அக்காவே கிடையாது என்று சந்தையில் எல்லாரிடமும் சொன்னார்.

திரும்பி வந்த டோன்யா மூச்சு வாங்கக் காசில்தா முன்னால் நின்றார். "கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம்?"

"உங்க மகன் ஒரு நாள் உங்களைக் கேக்காம செருப்புப் போட்டுக் காட்டட்டும். மறுநாளே வச்சுக்கலாம்."

ரெமிஹியோ குனிந்து தன் கால்களைப் பார்த்தான். அம்மாவைப் பார்க்கவில்லை. நல்ல ஆரம்பம்.

இதோடு கதை முடிந்திருந்தால் எங்கள் ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருப்பேன். நான் திரும்பிப் பார்த்தபோது பஸ் கூரையிலிருந்து இறக்கிய பந்தைச் சுற்றி ஒரு கூட்டம். ஒரு அம்மாள் பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர் மெழுகுவத்தி கொண்டுவந்துவிட்டார். "கள்ளக் குருவைக் காட்டிக் குடுத்த பந்து! முழங்கால் வலி தீருமான்னு கேட்டுச் சொல்லு காசில்தா!"

காசில்தா பந்தை வாங்கினாள். ஊசியைச் செருகினாள். உஸ்ஸென்று கடைசிக் காற்றும் வெளியே போகும்வரை அவர்கள் காதருகே பிடித்தாள். "நல்லாக் கேட்டுக்குங்க. உள்ள இருந்தது இவ்வளவுதான்."

உங்கள் ஊரில் இப்படி எதுவும் இருக்காது, நீங்களெல்லாம் படித்தவர்கள். ஆனாலும் ஏதாவது ஒன்று உப்பிக்கொண்டு எதிரே வந்தால், கையெடுத்துக் கும்பிடுவதற்கு முன்னால் அதே கையால் ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள். ஊதியவன் பக்கத்தில்தான் நிற்பான், கன்னத்தைத் துடைத்துக்கொண்டு.