மாமா தூங்கிப் பார்த்த பெல் டென்ட்

யோசிக்காமல் வாங்கி அசிங்கப்படுபவர்களை உலகம் மன்னித்துவிடுகிறது. யோசித்து யோசித்து வாங்கி அசிங்கப்பட்டவளை மட்டும் நிற்க வைத்துச் சிரிக்கிறது. இந்த அநியாயத்தை நான் வேறு எங்கே போய்ச் சொல்வது?

ஒவ்வொரு கோடை விடுமுறையும் ஏதாவது ஒரு மலை ஊர் லாட்ஜில், போர்வையை மோந்து பார்ப்பதிலேயே எனக்குக் கழிந்துவிடும். இந்த முறை கூடாரம் என்று முடிவெடுத்தேன். என் கணவர் காட்டியது ஊர்ந்துதான் நுழைய வேண்டிய சின்னக் கூடாரம். கைக்குள் அடங்காத மூன்று வயதுப் பெண்ணுக்கு அதில் எப்படிச் சட்டை மாற்றுவது? ஆகவே பெல் டென்ட். நடுவில் ஒற்றைக் கம்பம். அதன் உச்சியிலிருந்து கோயில் மணி போல நாலா பக்கமும் விரிந்து இறங்கும் துணி. உள்ளே நிமிர்ந்து நடக்கலாம்.

நைலான் வெயிலில் குக்கராகிவிடும் என்றார்கள். பருத்திக் கேன்வாஸ் மழையில் ஒழுகினால்? அடர்ந்த நிறம் சூட்டை இழுக்குமே? ஆர்டர் போட்டேன், ரத்து செய்தேன், மறுபடி போட்டேன். "டென்ட்டுதான வாங்குற, வூடா கட்டுற?" என்றார் கணவர். (என்னைப் பெண் பார்க்க வந்தபோது இவர் எவ்வளவு யோசித்தார் என்று கேட்க வாய் வரை வந்தது. வம்பு எதுக்கு என்று விட்டேன்.)

கடைசியில் வந்தது வெள்ளைக் கேன்வாஸ். புதுத் துணியை ஒருமுறை கட்டி, நன்றாக நனைத்துக் காயவிட வேண்டும்; அப்போதுதான் நூல் உப்பித் தையல் ஓட்டைகள் அடைபடும் என்று கூடவே வந்த தாள் சொன்னது. எத்தனை பேர் அந்தத் தாளைப் படிப்பார்கள்? நான் படித்தேன். மூலக்குளத்தில் நாங்கள் இருப்பது மாடி வாடகை வீடு. மொட்டை மாடியில் முளை அடிக்க முடியாது. அதனால் மடுகரையில் இருக்கும் மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அங்கே களம் சிமெண்ட், கொல்லையில் கரும்பு. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்த மண்தரைதான் மிச்சம்.

மாமாவுக்குக் கூடாரமே பிடிக்கவில்லை. "பச்சப் புள்ளய துணிக்குள்ள போட்டு அவிக்கப் போறியாம்மா?" என்றார். அவர் வேண்டாமென்றால் என் கணவர் அந்த நிமிடமே லாட்ஜுக்குப் போன் போட்டுவிடுவார். அந்தப் பயத்தில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"மாமா, காஞ்சதும் நீங்களே மதியம் அதுல படுத்துப் பாருங்க. வெக்கையில தூக்கம் வரலன்னா திருப்பி அனுப்பிடறேன்."

ஒப்புக்கொண்டார். அந்த வாரம்தான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. டாக்டர் சொன்னபடி மல்லாந்து படுத்தார். ஒரு கண்ணில் பஞ்சு. ஈ மொய்க்கிறதென்று வெள்ளைத் துண்டை மார்பு வரை போர்த்திக்கொண்டார். கால் இரண்டும் வாசலைப் பார்த்து. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் உட்காரட்டும் என்று அத்தை வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார். துணி நனைத்த தண்ணீர் இன்னும் தெரு வரை ஈரமாகக் கிடந்தது. நான் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலோடு உட்கார்ந்து பெண்ணுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

யாரோ பைக்கில் போனவர், வண்டியைக்கூட நிறுத்தாமல், பார்த்ததை வில்லியனூரில் இருக்கும் மாமாவின் தங்கை சின்னம்மாவுக்குப் போனில் சொல்லியிருக்கிறார். சின்னம்மா சாமந்தி மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னாலேயே தெருப் பெண்கள். இழுகயிறு தடுக்கி இரண்டு முளைகள் பிடுங்கிக்கொண்டு வர, கூடாரம் சாய்ந்ததே தவிர விழவில்லை. (அதன் தரத்தை அன்று கவனித்தவள் நான் ஒருத்திதான்.) சின்னம்மா மாமாவின் காலடியில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டார்.

"ஒரு பட்டு எடுத்துக் குடுக்காமயே போயிட்டியே அண்ணா…"

"போன தீவாளிக்கு எடுத்துக் குடுத்தது இன்னாடி?" என்றது பஞ்சுக்குக் கீழேயிருந்து ஒரு குரல்.

அழுகை நின்றது. கொஞ்ச நேரத்தில் எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. வாசலில் பந்தல், நாற்காலி, ஈரத்தரை. கல்யாணம் கட்ட இந்த வீட்டில் ஆள் இல்லை. பிறகு ஊர் என்னதான் நினைக்கும் என்று சின்னம்மா என்னைக் கேட்டார். மூச்சு இருக்கிறதா என்று பார்த்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று.

"மாமா, வெக்கையா இருந்துதா?"

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாமா மட்டும் நியாயமாக யோசித்தார்.

"இல்லம்மா. இவ வராம இருந்தா இன்னும் தூங்கியிருப்பேன். கூடாரத்தோடவே போய்ட்டு வாங்க."

செத்துப்போனார் என்று கூடப்பிறந்தவளே நம்பும் அளவுக்கு ஒரு மனிதர் அசந்து தூங்கியிருக்கிறார். ஒரு கூடாரத்துக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? ஆனால் என் தேர்வைப் பற்றி இன்றுவரை ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசுவதெல்லாம் மாமா ‘செத்த’ கதையைத்தான். இப்போது நாங்கள் கூடாரம் போடப் போகும் இடமெல்லாம் மாமாவும் வருகிறார். கூடாரம் கட்டத் தொடங்கியதும், அதன் முன்னால் அவர் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார வேண்டும் என்பது அத்தை போட்ட சட்டம். போன மாதம் அவரை அறிந்தவர் ஒருவர்கூட இல்லாத மலைச்சரிவிலும் அப்படித்தான் உட்கார்ந்தார். நடந்து போன முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு நிறுத்தி, "ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.