நூக்கல் தீக்குச்சி

கோவில்பட்டி
புதன்கிழமை

மதிப்பிற்குரிய மாமா அய்யாத்துரை அவர்களுக்கு, மருமகன் லிங்கராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் பேத்தி அமுதவள்ளியும் சுகமாக இருக்கிறோம். நாகலாபுரத்தில் தாங்களும் அத்தையும், பிரசவத்துக்கு வந்திருக்கும் வனிதாவும், அவள் வயிற்றில் இருக்கும் சின்னவரும் சுகமாக இருக்க வேண்டும். புஞ்சையில் உளுந்து முளைத்திருக்கும். மழை கைவிடாமல் இருக்கட்டும்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். போனில் தாங்கள் “மாப்ள, வெள்ளிக்கிழம வாரேன், பிள்ளைய கூட்டிட்டுப் போறேன்” என்றதும் எனக்கு “சரி மாமா” என்பதைத் தவிர வேறு வரவில்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் தங்களிடம் நான் பேசியதே அந்த இரண்டு வார்த்தைதான். எழுத்தில் என்றால் தாங்கள் குறுக்கே பேச முடியாது. ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளைக்கு நான் தீக்குச்சி தின்னக் கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் உங்கள் ஊர் முப்பிடாதி அக்கா போன் போட்டுச் சொன்னது பாதிதான். மீதிப் பாதி இது.

வனிதா ஊருக்கு வந்த நாளிலிருந்து அமுதவள்ளி பருப்புச் சோறும் அப்பளமும் தவிர எதையும் தொடவில்லை. நாலு வயதுப் பிள்ளை. அங்கன்வாடியில் எடை பார்த்த சுதாராணி டீச்சர், “அரைக் கிலோ கொறஞ்சிருக்கு அண்ணாச்சி, காய்கறி குடுங்க, விதவிதமா குடுங்க” என்றார். கத்தரிக்காய், வெண்டைக்காய், சுரைக்காய் எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், இன்னும் வேண்டாம் என்று சொல்லாத காய்களைத் தேடி மார்க்கெட்டுக்குப் போனேன். பீட்ரூட், கேரட், நூக்கல் என்று நம் கரிசல் காட்டில் விளையாததாகப் பார்த்து வாங்கி வந்தேன். பீட்ரூட்டைப் பருப்பில் கலந்தேன். “எப்பா, சோத்துக்கு அடிபட்டுட்டு” என்று ஓடிப்போய்த் திருநீறு எடுத்துவந்து சோற்றில் பூசிவிட்டாள். கடம்பூர் போளிக்குள் கேரட்டைத் துருவி ஒளித்தேன். கேரட்டைத் துப்பியதோடு போகாமல், அன்று முதல் எந்தப் போளியையும் பிரித்துச் சோதனை போடாமல் வாயில் வைப்பதில்லை. கடம்பூர் போளியைச் சந்தேகப்படுகிற ஒரே பிள்ளை இந்த வட்டாரத்தில் நம் பிள்ளைதான் மாமா, அந்தப் பாவம் என்னுடையது.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. தீப்பெட்டி ஆபீசில் பன்னிரண்டு வருடமாகக் குச்சிக்கு மருந்து முக்குகிற ஆள் நான். நூக்கலைத் தோல் சீவிக் குச்சி குச்சியாக நறுக்கி, லேசாக வேகவைத்து, நுனியை மட்டும் பீட்ரூட் விழுதில் முக்கி எடுத்தேன். ஓரத்தில் மருந்து தடவாத புதுக் காலிப் பெட்டி ஒன்றில் வரிசையாக அடுக்கினேன். எங்கள் முதலாளி பார்த்திருந்தால் நிஜப் பெட்டி என்று லாரியில் ஏற்றியிருப்பார். இதைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் ஆசையாக எடுக்கும் என்று நினைத்த எனக்கு, தீப்பெட்டியைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று அவள் தவழ்ந்த நாளிலிருந்து மிரட்டி வளர்த்தவனே நான்தான் என்பது மறந்துபோய்விட்டது. பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை நீட்டினேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “தொடாதப்பா, சுட்டுரும்” என்று வீடே அதிர அழுதாள். மறுநாள் அங்கன்வாடியில் எல்லோர் முன்னாலும், “எங்கப்பா தீக்குச்சி திங்கச் சொல்லுதாவ” என்று சொல்லிவிட்டாள். தன் பிள்ளையைக் கொண்டுவிட வந்திருந்த முப்பிடாதி அக்கா காதில் விழுந்தது அவ்வளவுதான்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நிரூபிக்க வேண்டுமே என்று பெட்டியைக் கொண்டுபோய், அவர் கண்முன்னே நாலு குச்சியை வாயில் போட்டு மென்றேன். மாமா, நூக்கலை நான் அதற்குமுன் தின்றதே இல்லை. முகம் எப்படிப் போனதோ, அங்கே இருந்த பிள்ளைகள் எல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணாச்சி, நீங்க வீட்ல என்ன காய் திங்குதீங்க?” என்று கேட்டார். ஊறுகாய் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “வற்புறுத்தக் கூடாது, லஞ்சம் குடுக்கக் கூடாது, ஒளிச்சு வைக்கக் கூடாது. ரெண்டு பேரும் சேந்து ஒக்காருங்க. ஒரே ஒரு துண்டு. மோந்து பாத்தாக்கூடப் போதும், நாளைக்கு மறுபடி வைங்க” என்றார். பிறகு அமுதவள்ளியை அருகே அழைத்து அவள் காதில் ஏதோ சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் மோந்து பார்த்தாள். இரண்டாம் நாள் நக்கிப் பார்த்து என் தட்டில் வைத்தாள், அதையும் நான்தான் தின்றேன். ஐந்தாம் நாள் எலி கொறித்த மாதிரி ஒரு கடி. நான் தண்ணீர் ஊற்றி முழுங்கினால், “எப்பா, மென்னு திங்கணும், வாயத் தொற” என்று சோதித்துப் பார்ப்பாள். நேற்று ஆறு குச்சி தின்றாள் மாமா, நான் எண்ணினேன்.

வனிதா இல்லாத வீட்டில் அமுதவள்ளியின் குரல் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் வெள்ளிக்கிழமை கூட்டிப்போய்விட்டால் வேலை முடிந்து நான் எதற்கு வீட்டுக்கு வர வேண்டும்? பிள்ளையை நான் நன்றாகவே பார்த்துக்கொள்கிறேன். ஆகவே தாங்கள் வர வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். தீக்குச்சி விஷயம் வனிதா காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவும். சின்னவர் நல்லபடியாக வந்து சேர நாங்கள் இருவரும் தினமும் கும்பிடுகிறோம்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
லிங்கராஜ்

பி.கு.: காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடலாம் என்று மடிக்குமுன், இதை அமுதவள்ளிக்கு வாசித்துக் காட்டினேன். டீச்சர் காதில் சொன்ன இடம் வந்ததும், “அது ஒனக்குத் தெரியக் கூடாது” என்றாள். கெஞ்சிக் கேட்டேன். “ஒங்கப்பாவுக்குக் காய் திங்கத் தெரியல. நீ கூட ஒக்காந்து தின்னாத்தான் அவிய பழகுவாவன்னு டீச்சர் சொன்னாவ” என்றாள். “ஏட்டி, ஒனக்கு நூக்கல் பிடிக்குமா?” என்றேன். “மொதல்ல பிடிக்கல. ஒனக்காகத்தான் தின்னேன். நான் தாத்தாகூட போயிட்டா நீ ஊறுகா மட்டுந்தான் திம்ப” என்றாள்.

ஆகவே மாமா, பிள்ளையை நான் பார்த்துக்கொள்வதாக மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டு வாசிக்கவும். வெள்ளிக்கிழமை அவசியம் வாருங்கள். எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போங்கள், ஆபீசில் மூன்று நாள் லீவு சொல்லிவிடுகிறேன். அத்தையிடம் சொல்லி என் இலையில் முட்டைக்கோஸை மட்டும் கொஞ்சமாக வைக்கச் சொல்லுங்கள். அது எனக்கு இன்னும் பழகவில்லை. அமுதவள்ளி பக்கத்தில் உட்கார்ந்தால் தின்றுவிடுவேன்.