கருந்துளைக்கே வேலை செய்யும் காப்பு

உலக விஞ்ஞானம் இத்தனை காலம் எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எட்டிப் பார்க்காதது விஞ்ஞானத்தின் துரதிர்ஷ்டம். எங்கள் 'தமிழர் அறிவியல் எழுச்சி மன்றம்' அந்தக் குறையைத் தீர்த்தது. நான் அதன் செயலாளர். தலைவர் கமலநாதன் காந்தக் காப்பு விற்பவர். மன்னிக்கவும், 'வழங்குபவர்'.

கருந்துளைகளை ஆராயும் முனைவர் அர்ச்சனாவைச் சிறப்புரைக்கு அழைத்திருந்தோம். மாலைகளும் வரவேற்புரைகளும் போக மிஞ்சிய நேரத்தில் அவர் பேசினார்.

"கருந்துளை ஒன்னு சுத்திக்கிட்டே இருக்கு, அதுல சார்ஜும் இருக்குன்னு வைங்க. சுத்திலும் காந்தப்புலம் இருந்தா, அதோட சார்ஜே மாறலாம். பக்கத்துல போற துகளோட பாதையும் மாறும். உச்ச வேகத்துல சுத்துச்சுன்னா காந்தப்புலத்தையே வெளிய தள்ளிடும்."

தலைவர் மைக்கை வாங்கினார். "கருந்துளைக்கே காந்தம் வேலை செய்யுது! உங்க முட்டிக்குச் செய்யாதா லா?"

மண்டபம் அதிர்ந்தது. மேரு என்ற ஊரிலிருந்து வந்திருந்த வீரம்மா எழுந்தார். கையில் காப்பு.

"டாக்டர், காப்பே போதும்னு தலைவர் சொன்னாருன்னு சக்கரை மாத்திரைய நிப்பாட்டிட்டேன். காலு மட்டும் மரத்துப்போகுது. எப்ப சரியாகும்?"

அர்ச்சனாவின் முகம் மாறியது. மைக் இல்லாமலே கத்தினார்: "ஆன்டி, அது வேற, இது வேற! மாத்திரைய நிப்பாட்டவே கூடாது!"

"டாக்டருக்கு ரொம்ப அடக்கம்," என்று தலைவர் ஒலிபெருக்கியில் விளக்கமளித்தார்.

அர்ச்சனா மேடையை விட்டு இறங்கி ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். "இப்பவே என் கார்ல கிளினிக் போவோம், வாங்க."

வீரம்மா கையை விடுவித்துக்கொண்டார். "நீ படிச்ச பிள்ளைம்மா. ஆனா தலைவரு நம்ம ஆளு." போகும்போது இரண்டாவதாக ஒரு காப்பையும் வாங்கி மாட்டிக்கொண்டு போனார். அறிவியல் எழுச்சி என்பது இதுதான்.

சில மாதம் கழித்து வீரம்மாவின் காலில் ஒரு சின்னக் காயம். ஆறவில்லை. கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் பாதத்தை எடுத்துவிட்டார்கள். நாங்கள் ஆப்பிளோடு போனபோது அர்ச்சனா கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வலது கையில போட்டதுதான் தப்பு அக்கா," என்றார் தலைவர். "இடது கையில போட்டிருக்கணும்."

வீரம்மா காப்புகளைக் கழற்றிப் போர்வைமேல், பாதம் இருக்கவேண்டிய இடத்தில் வைத்தார். போர்வை அந்த இடத்தில் தட்டையாக இருந்தது.

கீழே மருந்து கவுன்டரில் தலைவரின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். தன் சர்க்கரை மாத்திரைகளை வாங்கிப் பைக்குள் பத்திரப்படுத்தினார். "ஒரு நாள்கூட விட்டதில்ல," என்றார் என்னிடம்.

என்ன தியாகம்! அந்த அற்புதக் காந்தத்தை முழுவதும் மக்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, மனிதர் வெறும் மாத்திரையை வைத்துக்கொண்டு இரண்டு காலில் நடமாடுகிறார்.