ரிவர்ஸில் மட்டும் ஓடும் உம்முடைய பிக்கப் குறித்து

அரிசோனா வெயிலில் காலை நீட்டிக்கொண்டிருக்கும் அருமை மாப்பிள்ளை ஹார்லன் அவர்களுக்கு, மினசோட்டாப் பனியிலிருந்து உம் மைத்துனன் ஆர்விட் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி லோர்னா, நாய் மூவரும் நலம். அங்கே நீரும் என் தங்கை வெர்னாவும் நலம் என்பது நீங்கள் அனுப்பிய படத்தில் உம் அரைக்கால் சட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரு வீட்டிலும் நலமில்லாத ஒரே ஜீவன் நீர் என் தலையில் கட்டிவிட்டுப் போன அந்தப் பிக்கப் வண்டி.

அக்டோபரில் குளிர்காலத்துக்கு அங்கே கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்து நீர் என்ன சொன்னீர் என்று ஞாபகம் இருக்கிறதா? "மச்சான், இருபத்திரண்டு வருஷத்துல ஒருநாள்கூட என்னைக் கைவிட்டதில்ல. பெத்த பிள்ளையாட்டம் பாத்துக்குங்க." பிள்ளையாக இருந்தால் காதைத் திருகலாம், மாப்பிள்ளை, இதை எங்கே பிடித்துத் திருகுவது? டிசம்பர் பாதியில் ஆரம்பித்தது. முன்னால் போகக் கியரை டிரைவில் போட்டால் வண்டி கொஞ்ச நேரம் யோசிக்கும். நான் நான்கு எண்ணுவேன், பிறகு ஒரு உதை உதைத்துவிட்டுக் கிளம்பும். ஜனவரியில் பத்து வரை எண்ண வேண்டியிருந்தது. பிப்ரவரியில் சர்ச்சுக்குப் போகும் மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் போடுகிற சத்தத்தில் ஊரே திரும்பிப் பார்க்கிறது, சக்கரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எண்பத்தேழு வயது ஸ்கோக்லண்ட் அம்மாள் ஊன்றுகோலோடு என்னைத் தாண்டி நடந்து போனாள், போகிற போக்கில் கையை வேறு ஆட்டிவிட்டுப் போனாள்.

நாற்பது வருஷம் கிளட்ச் மிதித்துத் தானிய லாரி ஓட்டியவன் நான். கையால் கியர் போட்டால் உள்ளே எந்தப் பல் எதைக் கடிக்கிறது என்று உள்ளங்கைக்கே தெரியும். உமக்குத்தான் அந்தச் சிரமமெல்லாம் ஆகாதே, தானாகவே கியர் மாற்றுகிற வண்டிதான் வேண்டும் என்று வாங்கினீர். மனிதன் செய்ய வேண்டிய வேலையைக் கியர்பாக்ஸ் எண்ணெயிடம் ஒப்படைத்தால் இப்படித்தான் ஆகும். அப்படியும் என் கடமையில் குறை வைக்கவில்லை. தினம் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தேன், கோட்டுக்கு மேலேயே எண்ணெய் நின்றது. ஆகவே குற்றம் என்மேல் இல்லை, வண்டிமேல், அதை வாங்கியவர்மேல்.

பெட்ரோல் பங்கின் காப்பி மேசையில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "பழைய கியர்பாக்ஸ்ல எண்ணெய மாத்தவே கூடாது, ஆர்விட். அந்த அழுக்குதான் அதைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு," என்றான் லெஸ்டர். "மாத்தாமவிட்டா ஒரு வாரம் தாங்காது," என்றான் ஓரின். இரண்டு பேரும் ஜென்மத்தில் தானியங்கி வண்டி வைத்திருந்ததில்லை. இரண்டு பேர் சொன்னதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நான் ஒன்றும் செய்யவில்லை. மெக்கானிக் டெல்மரோ மூன்று வாரம் கழித்துத்தான் பார்க்க முடியும் என்றுவிட்டான்.

இதற்கு நடுவில் உறைந்த ஏரியின்மேல் நின்றது உம்முடைய மீன்பிடிக் குடில். மார்ச் முதல் திங்கட்கிழமைக்குப் பிறகு பனிக்கட்டிமேல் ஒரு குடிலும் நிற்கக் கூடாது என்று உமக்கே தெரியும். இதில் உம் பெயரையும் விலாசத்தையும் முழ நீள எழுத்தில் வேறு எழுதிவைத்திருக்கிறீர். சனிக்கிழமை மத்தியானம் போனேன், பனிக்கட்டிமேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. குடிலை வண்டியில் மாட்டி, டிரைவில் போட்டு, ஐம்பது வரை எண்ணினேன். ஊளைச் சத்தம்தான் வந்தது. தங்கள் குடில்களை ஏற்கெனவே கரை சேர்த்துவிட்ட ஐந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஓரின் மட்டும் மெதுவாக, "ம்... வித்தியாசமாத்தான் இருக்கு," என்றான். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் என் பரம்பரையையே திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சுட்டிருக்காது.

அப்போது டெக்சாஸிலிருந்து புதிதாக வந்திருக்கும் பள்ளி வாத்தியார், கப்பல் மாதிரி ஒரு புது வண்டியில் வந்து நின்றான். "கயிறு கட்டி இழுத்துவிடட்டுமாங்க?" என்றான். நானும் முறைப்படி, "வேணாம் தம்பி, பரவால்ல," என்றேன். அவன் மறுபடி கேட்க வேண்டும், நான் "உனக்கெதுக்குச் சிரமம்" என்க வேண்டும், மூன்றாம் முறை அவன் கேட்டதும் "நீ இவ்வளவு சொல்றப்ப..." என்று நான் கயிற்றைப் பிடிக்க வேண்டும். மனிதர்கள் அப்படித்தானே உதவி வாங்குவார்கள்? அவனோ "அப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான்! டெக்சாஸில் பிள்ளைகளை வளர்க்கிறார்களா, அல்லது தானாகவே வளர்கிறார்களா? ஒருவன் பாதியில் விட்டுப்போன உபசாரத்தை இன்னொருவன் எடுத்து நடத்துவது இங்கே வழக்கமில்லை என்பதால் மற்ற ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை.

ஆத்திரத்தில் கியரை ரிவர்ஸுக்கு இழுத்தேன். மூன்று மாதமாக முனகிக்கொண்டிருந்த வண்டி பாய்ந்து போய் உம் குடிலின் கதவைப் பெயர்த்தது. முன்னால் போக மறுக்கிற இந்தக் கழுதைக்குப் பின்னால் போக மட்டும் அவ்வளவு உற்சாகம்! சங்கிலியை முன்பக்கக் கொக்கியில் மாட்டி, ஒரு மைல் ஏரியையும், அப்புறம் வீட்டுக்கு மூன்று மைல் சாலையையும் பின்பக்கமாகவே ஓட்டிக் கடந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் வழக்கம்போல் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள், ஏதோ நான் தினமும் அப்படித்தான் போவதுபோல. இன்னும் என் கழுத்து நேராகவில்லை. லோர்னா சாப்பாட்டை வலது பக்கம் வைக்கிறாள்.

வீட்டுக்கு வந்தால் வெர்னாவின் கடிதம். இங்குள்ள வீட்டை விற்றுவிட்டு அங்கேயே இருந்துவிடப் போகிறீர்களாம். அக்டோபரில் நீர் என்னிடம் கேட்டீர்: "நாங்க போகாம இங்கயே இருந்துடவா, மச்சான்?" நான், "எதுக்கு, போங்க," என்றேன். மறுபடி கேட்டீர், மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை கேட்காமல் சாவியை நீட்டிவிட்டீர். அந்த வாத்தியார் வெளியூர்க்காரன், அவனை மன்னித்துவிடலாம். அறுபத்தெட்டு வருஷம் இந்த ஊர்ச் சோறு தின்ற உமக்கு என்ன வந்தது? நீர் இல்லாத இந்தக் குளிர்காலம் எனக்கு ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை.

ஆகையால் இறுதியாகச் சொல்கிறேன். இந்த வண்டியை இனி எந்த மெக்கானிக்காலும் காப்பாற்ற முடியாது. மே மாதம் மீன்பிடிப் பருவம் தொடங்குவதற்குள் நீரே நேரில் வந்து இந்தக் குப்பையை என் முற்றத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். ஆள் அனுப்பினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

வெர்னாவுக்கு என் ஆசிகள். உமக்கு ஆசி கிடையாது, வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளும் என்ற புத்திமதி மட்டும்.

கழுத்து திரும்பிய,
ஆர்விட்

பின்குறிப்பு: லோர்னா இதைப் படித்துவிட்டு, தபாலில் பொய் அனுப்புகிறவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தன் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்கிறாள். எனவே எழுதுகிறேன். டெல்மர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே, செவ்வாயன்றே வந்துவிட்டான். "அண்ணே, இந்த வண்டிக்கு எஞ்சின் ஓடிட்டிருக்கும்போதுதான் கம்பிய உருவிப் பாக்கணும். நிறுத்திட்டுப் பாத்தா நெறைய இருக்குற மாதிரிதான் காட்டும்," என்றான். ஒரு குழாயில் கசிவு, எண்ணெய் இரண்டு லிட்டருக்கு மேல் குறைவு. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டான். வண்டி இப்போது முன்னாலும் போகிறது, பின்னாலும் போகிறது, ஒரு குறையும் இல்லை. உம்மை இங்கே வரவழைக்க எனக்கு இருந்த ஒரே சாக்கு அது, அதையும் அவன் சரிசெய்துவிட்டான். சாக்கு இல்லாமலே கேட்கிறேன், வெர்னாவைக் கூட்டிக்கொண்டு வந்து சேரும்.