எண்பத்தெட்டும் பழுதடைந்த மேசையும்

மன்ற விதி ஒன்பது சொல்கிறது: "உறுப்பினர் அல்லாதவர் மன்றத்துப் பொருள் எதையும் தொடலாகாது; பழுது பார்க்க வந்தவர் நீங்கலாக." மேட்டூரில் எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்துக்காக இதை எழுதியவன் நான். அப்போது அலுவலகக் கண்காணிப்பாளர், மன்றத்துக்குச் செயலாளர். இந்த விதியை ஒருநாளும் மீறாமலும் ஒருநாளும் மதிக்காமலும் மூன்று வருடம் ஓட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் எண்பத்தெட்டு.

பியானோவில் எண்பத்தெட்டுக் கட்டைகள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார் என்பதால் டீக்கடையில் வைத்த பெயர் அது. வயது என்று நினைத்துச் சிலர் காலில் விழுந்ததுண்டு. அவருக்கு எழுபதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஆசீர்வாதம் செய்துவிடுவார்.

சொந்த ஊர் மேச்சேரி. இளவயதில் சென்னைக்குப் போய், மாலையில் ஓட்டல்களில் ஜாஸ், பகலில் ஸ்டுடியோக்களில் சினிமாப் பாட்டுக்குப் பின்னால் பியானோ என்று காலம் தள்ளியவர். எத்தனை பாட்டு என்று அவருக்கே தெரியாது. எதிலும் அவர் பெயர் கிடையாது. கம்ப்யூட்டரே பியானோ வாசிக்கத் தொடங்கியதும், ஆடு வளர்க்கும் தம்பி வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஒருமுறை மேச்சேரி பஸ்ஸில் அவரோடு வந்தேன். பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று எழுந்து கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விசில் ஊதாதீங்க சாமி. இப்ப வரும்... வந்துருச்சு... போயிருச்சு. அந்த நாலு சத்தம் நானுங்க."

"பாடுனது நீங்களுங்களா?"

"இல்லீங்க. அவரு மூச்சு உட்ட எடத்துல நானு இருந்தேன்."

அதற்குள் இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டது. இறங்க வேண்டியவர்கள் அவரை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்கள். படித்தவன் மாதிரி தெரிகிறேனாம்.

மன்றத்தின் மூலையில் யாரோ ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுப்போன பியானோ ஒன்று கிடந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் முதன்முதலில் வந்தார். விதி ஒன்பதைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பழுது பாக்கறனுங்க" என்றார். ஒருநாள் அனுமதி கொடுத்தேன்.

அந்த ஒருநாள் முடியவே இல்லை. தினமும் பத்து மணிக்கு வந்து, பதிவேட்டில் "பணி நடைபெறுகிறது" என்று கையெழுத்துப் போடுவார். எண்பத்தெட்டில் இருபத்தேழு கட்டைகள் ஊமை.

"எப்போது சரியாகும்?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க அவசரம்? பேசாத கட்டையைச் சுத்திப் போறதுதானுங்க ஜாஸ்."

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. தனியாக அவருக்கு வாசிக்க வராது. வாழ்நாள் முழுக்க யாருக்காவது பின்னால் வாசித்த கை. முன்னால் ஒரு குரல் இருந்தால்தான் ஓடும். மன்றத்தில் பாடத் தெரிந்தவர் எவரும் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியும். கையில் அன்றைய சுற்றறிக்கை இருந்தது.

"அதையே படிங்க சாமி."

பயணப்படி விதிகளைப் படித்தேன். பின்னால் என்னென்னவோ நடந்தது. "மேற்படின்னு வர்ற எடத்துல கொஞ்சம் நில்லுங்க, நான் உள்ள வாரேன்" என்றார். நின்றேன். முப்பத்து நான்கு வருட சர்வீஸில் நான் படித்த சுற்றறிக்கையை ஒருவர் கடைசிவரை கேட்டது அன்றுதான். மறுநாளிலிருந்து நல்ல நீளமான அரசாணைகளாகத் தேடி எடுத்து வைக்க ஆரம்பித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இந்த நிலையில்தான் மன்றத்துப் பழைய தளவாடங்களுக்கு ஏல அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதில் நான்காவது இனம்: "மேசை, பெரியது, மூடியுடன், பழுதடைந்தது - 1." எண்பத்தெட்டு அதை இரண்டு தடவை படித்தார்.

"ஏனுங்க, இதை மேசைன்னு எழுதுனது யாருங்க?"

நான்தான். தளவாடப் பதிவேட்டில் மேசை, நாற்காலி, பீரோ, கேரம்போர்டு என்று பத்திகள் உண்டு, பியானோவுக்கு இல்லை. 'இதர' என்று எழுதினால் தலைமை அலுவலகம் விளக்கம் கேட்கும். நான்கு கால் இருந்தது, எழுதிவிட்டேன்.

"சேலத்துல ஒரு பள்ளிக்கூடத்துல ஒண்ணு இருக்குதுங்க. வாட்ச்மேன் கேட்டுக்குள்ளயே உடமாட்டான். இது போச்சுன்னா அப்புறம் நான் வெரலு தட்டறதுக்கு நெசமாவே மேசைதானுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்: மேற்படி மேசை மேசையல்ல. மேசையல்ல என்றால் மேசை என்று எழுதியது யார், விளக்கம் பெற்று அனுப்புக என்று குறிப்பு வந்தது. என்னிடம் நானே விளக்கம் கேட்டு, எனக்கு நானே கண்டிப்பான பதில் எழுதி, நானே மேலொப்பமிட்டு அனுப்பினேன். அதன்பின் சத்தமில்லை. நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு. நடுவில் நான் ஓய்வும் பெற்றுவிட்டேன். ஏலத்துக்கு இன்னும் ஒரு வாரம்.

பணியில் இருப்பவர் ஏலம் கேட்கக் கூடாது. ஓய்வு பெற்றவர் கேட்கக் கூடாது என்று எங்கும் இல்லை. இரண்டு நாள் தேடிப் பார்த்தேன்.

ஏலத்துக்கு வந்த பழைய மரவியாபாரி மூடியைத் திறந்து பார்த்தார். "ஏனுங்க, இந்த மேசைக்கு எதுக்குங்க இத்தனை பல்லு?" நான் ஏற்றிக் கேட்க, அவர் ஏற்றிக் கேட்க, கடைசியில் "சாருக்கு மேசை மேல அப்படியென்னங்க ஆசை" என்று விட்டுக்கொடுத்தார். எண்பத்தெட்டு வாசலுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

எட்டுப் பேர் சேர்ந்து, என் வீட்டு வாசல் நிலையைப் பெயர்த்து, உள்ளே இறக்கினார்கள். ஹாலில் இனி நாற்காலி போட இடமில்லை.

"சாப்பாட்டு மேசை வருதுன்னு சொன்னீங்களே" என்றாள் மனைவி.

"பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது."

"அப்ப அதுலயே உக்காந்து பதிவேட்டையே சாப்பிடுங்க."

ஆனால் பத்து மணிக்கு இரண்டாவது காபி போடத் தொடங்கியவளும் அவள்தான். எண்பத்தெட்டு தினமும் வந்தார். நான் அரசாணை படித்தேன், அவர் வாசித்தார். பக்கத்து வீட்டில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு செய்து, மனைவியிடம் நல்ல டாக்டர் ஒருவரின் பெயரைக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரலே இல்லை. இன்று முடியாது என்று சைகை காட்டினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டார்.

"படிக்க ஓணாமுங்க. சும்மா முன்னால உக்காருங்க, போதும்."

உட்கார்ந்தேன். வாசிக்க ஆரம்பித்தார். எந்த இடத்தில் நிற்பார், எந்த இடத்தில் வருவார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்தின் பதிவுத் தபால் வந்தது. "மேற்படி பொருள் பியானோ என ஏற்கப்படுகிறது, அதனை ஏலம் விடலாகாது" என்று அதில் இருந்ததைச் சாயங்காலம்தான் படித்தேன். வாசலில் தபால்காரர் கையெழுத்துக்கு நீட்டியபோது, விரலை உதட்டில் வைத்து, எண்பத்தெட்டு வாசித்து முடிக்கும்வரை அவரையும் நிற்க வைத்துவிட்டேன். ஒப்புகைச் சீட்டில் பிறகு, ஆங்கிலத் தேதி மறந்துபோய், நான் போட்ட தேதி ஆடிப் பதினெட்டு.